முடிவை எதிர்நோக்கும் மனம்

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதக் கடைசியிலோ மார்ச்சு மாத முதல் வாரத்திலோ, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வைத்தியப் படிப்பை முடிக்கும் தறுவாயில் உள்ள மாணவர்களும், உலகின் பல பாகங்களிலிருந்து அந்நாட்டில் ரெசிடென்சி என்னும் மேற்பயிற்சியை நாடி நிற்கும் இளம் டாக்டர்களும், தங்கள் விருப்பப் பட்டியலைக் கணினியில் இறுதியாக உறுதிசெய்துவிட்டு, அதன்பின் செய்வதற்கு யாதொன்றும் இல்லாத ஒரு விசித்திரமான இடைவெளிக்குள் பிரவேசிக்கிறார்கள். பட்டியலில் இனி ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது. முடிவோ இன்னும் ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு வெளிவராது. அடுத்த மூன்று முதல் ஏழு ஆண்டுகள் எந்த ஊரில் வசிப்பது, எந்தத் துறையில் தேர்ச்சி பெறுவது, மனைவி மக்களை எங்கே குடியமர்த்துவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த இடைவெளியின் மறுகோடியில் இருக்கிறது.

அந்த இடத்துக்கு வந்து சேர அவர்கள் பட்ட சிரமம் அற்பமன்று. யு.எஸ்.எம்.எல்.இ. என்னும் பரீட்சையின் படிகளை ஏறி, செப்டம்பரில் விண்ணப்பங்களை அனுப்பி, அக்டோபர் முதல் ஜனவரி வரையில் நேர்முகங்களுக்குச் சென்று, தம்மை அழைத்துப் பேசிய மருத்துவமனைகளை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று விருப்பக் கிரமத்தில் அடுக்குகிறார்கள். மருத்துவமனைகளும் தாம் கண்டு பேசியவர்களை அவ்வாறே வரிசைப்படுத்துகின்றன. இரு தரப்புப் பட்டியல்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, இன்னாருக்கு இன்ன இடம் என்று தீர்க்கும் முறைக்கே மேட்ச் என்று பெயர். மார்ச்சு மூன்றாவது வாரத்துத் திங்கட்கிழமையன்று, இடம் கிடைத்ததா இல்லையா என்பது மட்டும் தெரிவிக்கப்படும். எந்த இடம் என்பது வெள்ளிக்கிழமை நண்பகலில், அதாவது இந்தியாவில் இரவு 9.30 மணிக்குத்தான், தெரியவரும். 2024-ஆம் ஆண்டில் 41,503 இடங்களுக்குப் பதிவு செய்துகொண்டோர் 50,413 பேர். சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு இக்கூட்டத்தில் ஒருவராகக் காத்திருப்போரும், அவர்களோடு சேர்ந்து அந்த வெள்ளிக்கிழமை இரவில் விழித்திருக்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு.

இக்காலத்தில் அவர்களுடைய மனம் படும் பாட்டை ஒரு பலவீனமென்று கருதி, "பதறாமல் இரு, எல்லாம் நன்றாகவே நடக்கும்" என்று புத்தி சொல்வது உலக வழக்கம். ஆனால் அந்தப் பதற்றத்தைப் பரிசோதனைச் சாலையிலும் அதற்கு வெளியிலும் ஆராய்ந்த மனோதத்துவ விஞ்ஞானிகள் கண்டறிந்தது வேறு. முடிவு தெரியாமல் காத்திருப்பவன் கலங்குவது மூளையின் இயல்பான தொழில். அக்கலக்கத்தை வெல்ல முடியாமற் போவது தோல்வியன்று. நன்றாகக் காத்திருப்பது என்றால் கலங்காமல் காத்திருப்பது என்று பொருளும் அன்று. இந்த உண்மையை உணர்ந்தவர்களுக்கு அந்த இரண்டு வாரங்களின் பாரம் ஒரு பங்கேனும் குறையும் என்ற நம்பிக்கையில்தான் இதனை எழுதுகிறேன்.

முதலில், தம் கையை விட்டுப் போன பட்டியலைப் பற்றி அவர்கள் கொள்ளும் பச்சாத்தாபத்தைக் கவனிப்போம். "எட்டாத மருத்துவமனையை முதலில் எழுதிவிட்டேனே, கைக்கெட்டும் இடத்தை முதலில் வைத்திருந்தால் அதுவாவது நிச்சயமாகியிருக்குமே" என்ற எண்ணம் நள்ளிரவில் வந்து உறக்கத்தைக் கெடுப்பது சகஜம். இந்த ஒரு துன்பத்துக்காவது கணித சாஸ்திரத்தில் பூரணமான மருந்து இருக்கிறது. அதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பழைய சரித்திரத்தைப் பார்க்க வேண்டும்.

1940-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் பயிற்சி இடங்கள் மிகுதியாகவும், அவற்றை நிரப்பும் மாணவர்கள் குறைவாகவும் இருந்தமையால், நல்ல மாணவனைப் பிறர் கொண்டுபோவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும் என்ற போட்டி மருத்துவமனைகளிடையே முற்றிப்போய், 1944 வாக்கில், படிப்பு முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே மாணவர்களுக்கு உத்தியோகம் நிச்சயிக்கும் நிலை ஏற்பட்டது. குறித்த தேதிக்கு முன்னால் மாணவர்களைப் பற்றிய விவரங்களை வெளியிடுவதில்லை என்று 1945-இல் கல்லூரிகள் கூடித் தீர்மானித்தன. தேதி கட்டுப்பட்டது, ஆயினும் நோய் வேறு உருவம் எடுத்தது. தந்தியிலும் தொலைபேசியிலும் வந்த அழைப்புக்கு மாணவன் விடை சொல்ல முதலில் பத்து நாள் அவகாசம் இருந்தது. அது ஆண்டுக்காண்டு சுருங்கி, 1949-இல் பன்னிரண்டு மணி நேரம் போதும் என்ற யோசனை வந்தபோது, அதுவுங்கூட மிக அதிகம் என்று மருத்துவமனைகளின் தரப்பில் ஆட்சேபம் எழுந்தது. இன்று இரண்டு வாரம் காத்திருப்பவன் பெறும் வேதனைக்கு மாறாக, அன்றைய மாணவன், தான் மிகவும் விரும்பும் இடத்திலிருந்து அழைப்பு வருமா வராதா என்று அறியாமலே, கையில் வந்த இடத்தை ஒரே மூச்சில் ஏற்கவோ தள்ளவோ வேண்டிய கொடிய நிர்ப்பந்தத்தில் இருந்தான்.

இதற்குப் பரிகாரமாக, எல்லாரும் பட்டியல் கொடுத்துவிடுவது, ஒரு பொது நிலையம் பொருத்திப் பார்ப்பது என்ற ஏற்பாடு உருவாயிற்று. முதலில் வகுக்கப்பட்ட கணக்கு முறையில், எட்டாத இடத்தை உண்மையாக முதலில் எழுதிய மாணவன், அதன் காரணமாகவே பின்னால் எழுதிய இடத்தையும் இழக்கக்கூடும் என்ற குறை இருந்ததை மாணவர்களே கண்டுபிடித்து எதிர்த்தார்கள். முறை திருத்தப்பட்டு, 1952-இல் முதல் மேட்ச் நடந்தேறியது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1962-இல், டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணித மேதைகள், கல்லூரிச் சேர்க்கையையும் விவாகப் பொருத்தத்தையும் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டு, இத்தகைய பொருத்தங்களுக்கெல்லாம் அடிப்படையான சித்தாந்தத்தை நிறுவினார்கள். மருத்துவமனைகள் நடைமுறையில் கண்டுகொண்ட முறையும் இக்கணித முறையும் சாராம்சத்தில் ஒன்றே என்பதை ஆல்வின் ரோத் என்ற பொருளாதார அறிஞர் 1984-இல் எடுத்துக்காட்டினார். பின்னர் அவரும் எலியட் பெரான்சனும் சேர்ந்து, மாணவர்களின் விருப்பத்திலிருந்தே கணக்குத் தொடங்குமாறு அதனை மாற்றியமைக்க, அந்தப் புதிய முறை 1998-ஆம் ஆண்டு மேட்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. ரோத்துக்கும் ஷாப்லிக்கும் 2012-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கேல் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார்.

அக்கணக்கு எப்படி நடக்கிறது என்பதை மூன்று பேரை வைத்துப் பார்க்கலாம். கமலா, ராகவன், சூசன் என்று மூவர்; நகர மருத்துவமனை, ஆற்றங்கரை மருத்துவமனை என்று இரண்டு; ஒவ்வொன்றிலும் ஓர் இடம் என்று வைத்துக்கொள்வோம். கமலாவும் ராகவனும் நகரத்தை முதலாவதாகவும் ஆற்றங்கரையை இரண்டாவதாகவும் எழுதியிருக்கிறார்கள். சூசனுக்கு ஆற்றங்கரையே முதல் விருப்பம். நகர மருத்துவமனையின் வரிசை ராகவன், கமலா, சூசன் என்பது. ஆற்றங்கரையின் வரிசை கமலா, சூசன், ராகவன் என்பது. கணினி முதலில் சூசனை ஆற்றங்கரைக்கு அனுப்புகிறது. இடம் காலியாக இருப்பதால், அவளை அங்கே தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறது. அடுத்துக் கமலாவை நகரத்துக்கு அனுப்பி, அவளையும் தற்காலிகமாக நிறுத்துகிறது. பிறகு ராகவன் நகரத்துக்கு வருகிறான். நகர மருத்துவமனை கமலாவைக் காட்டிலும் அவனையே விரும்புவதால், கமலா அங்கிருந்து விலக்கப்படுகிறாள். அவளுடைய இரண்டாவது விருப்பமான ஆற்றங்கரைக்கு அவள் போகும்போது, அங்கே சூசன் முன்பே இருக்கிறாள். ஆனால் அவள் இருப்பு தற்காலிகமானதே. ஆற்றங்கரை கமலாவையே மேலாக விரும்புவதால், சூசன் இடம் விட்டு, நகரத்தைக் கேட்டுப் பார்த்து, அங்கும் ராகவனுக்குப் பின்தங்கி, இடமின்றி நிற்கிறாள்.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது கமலாவின் நிலை. அவள் தனக்கு எட்டாத நகரத்தை முதலில் எழுதினாள். அதனால் அவளுக்குக் காலதாமதம் ஏற்பட்டதே ஒழிய நஷ்டம் ஏற்படவில்லை. ஆற்றங்கரையை முதல் விருப்பமாக எழுதிய சூசன் முன்னதாக வந்து அமர்ந்திருந்தபோதிலும், பின்னால் வந்த கமலாவின் உரிமை சிறிதும் குறையவில்லை. ஏனெனில் எந்த இடமும் கணக்கு முழுதும் முடியும் வரையில் யாருக்கும் உறுதியாவதில்லை. ஆகவே, உள்ளபடி விரும்பிய வரிசையை உள்ளபடி எழுதியவன் வேறு எவ்வித யுக்தியைக் கையாண்டிருந்தாலும் இதைவிட நல்ல பலனைப் பெற்றிருக்க மாட்டான் என்பது கணிதத்தால் நிரூபிக்கப்பட்ட உண்மை. தம்பதியர் ஜோடியாக விண்ணப்பிப்பது போன்ற சில சிக்கல்களால் இந்த விதிக்கு நேரும் விலக்கு நடைமுறையில் மிக அற்பமானது என்பதையும் ரோத்தும் பெரான்சனும் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். உண்மையாக எழுதியவனுக்குப் பட்டியலைக் குறித்த பச்சாத்தாபம் தேவையில்லை என்பதற்கு இதைவிட உறுதியான அத்தாட்சி வேண்டியதில்லை.

பச்சாத்தாபம் தீர்ந்தாலும் பயம் தீர்வதில்லை. சூசனின் நிலை யாருக்கும் வரலாம் அல்லவா? அமெரிக்காவிலேயே எம்.டி. படித்து முடிக்கும் மாணவர்களில் நூற்றுக்குச் சுமார் 93 பேர் இடம் பெறுகிறார்கள். அயல்நாட்டுக் கல்லூரிகளில் படித்த, அமெரிக்கப் பிரஜைகள் அல்லாத டாக்டர்களிலோ, அண்மை ஆண்டுகளில் நூற்றுக்குச் சுமார் 58 பேரே இடம் பெற்றிருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து செல்பவர்கள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள். ஏறக்குறையப் பாதிக்குப் பாதி என்று சொல்லத்தக்க இந்த நிலைதான் மனத்துக்கு எல்லாவற்றிலும் கொடிய நிலை என்பதை ஒரு பரிசோதனை தெளிவாகக் காட்டியது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடந்த அந்தப் பரிசோதனையின் விவரம் 2016-இல் வெளியாயிற்று. 45 பேரைக் கணினித் திரைக்கு முன் அமர்த்தி, திரையில் தோன்றும் பாறைகளின் அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். பாறை புரளும், பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படியான மின்னதிர்ச்சி ஒன்று உண்டு. எந்தப் பாறையின் அடியில் பாம்பு இருக்கும் என்பதை அனுபவத்தால் ஒருவாறு கற்றுக்கொள்ளலாம் என்றாலும், அந்த நியதியும் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தது. விளையாடுவோரின் கண்மணி எவ்வளவு விரிகிறது, தோலில் எவ்வளவு வியர்வை கசிகிறது என்பவற்றைக் கருவிகள் அளந்தன. எவ்வளவு சஞ்சலமாக இருக்கிறது என்று அவர்களையும் கேட்டுக் குறித்தார்கள். அதிர்ச்சி நிச்சயமாக வரும் என்று தெரிந்த வேளையில் சஞ்சலம் உச்சத்தை எட்டும் என்றுதானே நாம் நினைப்போம்? அவ்வாறு நேரவில்லை. வருமா வராதா என்பது சரிபாதியாக இருந்தபோதுதான் வியர்வையும் கண்மணியின் விரிவும் வாய்ச்சொல்லும் ஒருங்கே உச்சத்தை எட்டின. நிச்சயமான வேதனையைக் காட்டிலும் நிச்சயமற்ற வேதனையே உடலை அதிகமாக உலுக்கியது. அதே பரிசோதனையில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. எவருடைய சஞ்சலம் சந்தேகத்தின் அளவுக்கேற்பத் துல்லியமாக ஏறி இறங்கிற்றோ, அவர்களே பாம்பின் இருப்பிடத்தையும் நன்றாக ஊகித்தார்கள். ஆகவே அந்தக் கலக்கம் புத்திக்கு விரோதியன்று. சூழ்நிலையைக் கற்றுக்கொள்ளும் மூளையின் தொழிலோடு இணைந்து நிற்கும் ஓர் அம்சமாகும்.

தெளிவற்ற அபாயத்தை உணரும்போது, மூளையின் உட்பகுதியில் உள்ள அமிக்டலாவும் அதனைச் சார்ந்த பகுதிகளும் விழிப்படைகின்றன. ஹைபோதலமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவ, அது அட்ரினல் சுரப்பியை ஏவ, கார்டிசால் என்னும் ரசம் இரத்தத்தில் பெருகுகிறது. எதிரில் புலி நின்றால், ஓடியோ போராடியோ அந்த ஏற்பாட்டை உடல் பிரயோகித்துத் தீர்த்துவிடும். மேட்ச் முடிவுக்குக் காத்திருப்பவனுக்கோ ஓடுவதற்கு இடமும் இல்லை, போராடுவதற்கு எதிரியும் இல்லை. ஆயத்தம் மட்டும் நாள் முழுதும் நீடிக்கிறது. அதனால்தான் பசி குறைகிறது; உறக்கம் அதிகாலையிலேயே கலைகிறது; படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்க நேர்கிறது. காய்ச்சல் என்பது நோய்க்கு எதிராக உடல் எழுப்பும் முயற்சி என்பதை எந்த டாக்டரும் அறிவார். இந்தக் கலக்கத்தையும் அவர் அவ்வாறே கருதிக்கொள்வது நியாயம்.

காத்திருப்பதே ஒரு தனி வேதனை என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிகரி பெர்ன்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பாதத்தில் சிறு மின்னதிர்ச்சிகளைக் கொடுத்து, அதற்கு முந்திய நேரத்தில் மூளையின் நடத்தையைப் படம்பிடித்தார்கள். பிறகு, குறைந்த அதிர்ச்சியைச் சற்றுப் பொறுத்துப் பெறுவதா, அதிக அதிர்ச்சியை உடனே பெறுவதா என்று தேர்ந்துகொள்ளச் சொன்னபோது, காத்திருக்கும் நேரத்தைத் தவிர்ப்பதற்காகவே அதிக வலியைச் சிலர் விரும்பி ஏற்றார்கள். "நல்லதோ கெட்டதோ, இன்றே தெரிந்துவிட்டால் போதும்" என்று தாய் தந்தையரிடம் சொல்லும் இளம் டாக்டர் மிகைப்படுத்திப் பேசவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

இனி, இக்காலத்தைக் கழிப்பதற்கு உபாயம் என்ன என்ற கேள்விக்கு வருவோம். மேட்ச் போன்ற நெடுங்காத்திருப்பை நேருக்கு நேர் ஆராய்ந்தவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் கிளையைச் சேர்ந்த கேட் ஸ்வீனி என்ற மனோதத்துவப் பேராசிரியை ஆவார். கலிபோர்னியாவில் வக்கீல் தொழிலுக்கான பரீட்சையை ஜூலையில் எழுதுவோர் முடிவுக்கு நவம்பர் வரையில் காத்திருக்க வேண்டும். அந்த நான்கு மாத காலத்தில் சட்டப் பட்டதாரிகள் என்ன நினைக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், எவ்வளவு கலங்குகிறார்கள் என்பவற்றை அவரும் அவருடைய சகாக்களும் பல முறை விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள். கவலை தொடக்கத்தில் மிகுந்தும், நடுவில் சற்று அடங்கியும், முடிவு நெருங்கும்போது மறுபடி பெருகியும் நின்றது. கவலையைக் குறைப்பதற்காக அவர்கள் கையாண்ட உபாயங்களில் பெரும்பாலானவை அவர்களுக்கு ஆறுதல் தரவேயில்லை. எண்ணத்தை அடக்கப் பார்த்தவர்களும், கெட்டதிலும் ஒரு நன்மை இருக்கும் என்று முன்கூட்டியே தேற்றிக்கொண்டவர்களும் மற்றவர்களைப் போலவே கலங்கினார்கள்.

ஆனால் 2016-இல் வெளியான அந்த ஆராய்ச்சியின் இரண்டாவது பாகமே நம் விஷயத்துக்கு மிகவும் முக்கியமானது. காத்திருந்த காலத்தில் நிம்மதியாக இருந்தவர்களைக் காட்டிலும், கலங்கியும் சந்தேகித்தும் இருந்தவர்கள், முடிவு பாதகமாக வந்தபோது அடுத்த காரியத்தைத் தெளிவுடன் தொடங்கினார்கள். சாதகமாக வந்தபோது அதிக மகிழ்ச்சி எய்தினார்கள். நிம்மதியாக இருந்தவர்களுக்குக் கெட்ட செய்தி எதிர்பாராத அடியாக விழுந்தது. நல்ல செய்தியோ ஏற்கெனவே கையிலிருந்த பொருளைப் போலவே தோன்றியது. ஆக, நன்றாகக் காத்திருப்பதற்கு இரண்டு அளவைகள் உண்டு. காத்திருக்கும் நாட்களில் எவ்வளவு அமைதியாக இருந்தோம் என்பது ஒன்று. முடிவு வந்த நாளில் அதனை ஏற்க எவ்வளவு தகுதியுடன் நின்றோம் என்பது மற்றொன்று. முதலாவதில் குறைந்தவர்கள் இரண்டாவதில் தேறியிருக்கிறார்கள்.

இப்படிச் சொல்வதனால், துன்பத்தைத் தேடி அனுபவிக்க வேண்டும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. பிரயோஜனமுள்ளவையாகப் பரிசோதனையில் தேறிய உபாயங்களும் சில உள்ளன. முதலாவது, மனத்தை முற்றிலும் ஈர்த்துக்கொள்ளும் காரியம். வெறும் பொழுதுபோக்கில் கண் மட்டுமே திரையில் இருக்கும். மனம் மார்ச்சு வெள்ளிக்கிழமையைச் சுற்றிக்கொண்டிருக்கும். திறமைக்குச் சரியாக ஈடுகொடுக்கும் கடினமும், செய்யச் செய்ய முன்னேற்றம் தெரியும் இயல்பும் கொண்ட வேலையில் ஈடுபட்டவனுக்கோ நேரம் போவதே தெரியாது. வீணையில் பாடமாகாத ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொள்வதும், ஸ்பானிஷ் பேசும் நோயாளிகள் மிகுந்த நாட்டுக்குப் போகிறவன் அம்மொழியைக் கற்பதும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவ்வாறு ஆழ்ந்து ஈடுபட்டவர்கள் காத்திருக்கும் காலத்தில் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்ததை ஸ்வீனியும் அவருடைய சகாக்களும் 2019-இல் எடுத்துக்காட்டினார்கள்.

இரண்டாவது, தியானம். பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளிடம் ஓர் ஒலிப்பதிவைக் கொடுத்து, வாரம் ஒரு முறையேனும் பதினைந்து நிமிஷம் அதன்படி, நடந்து போனதையும் வரப்போவதையும் விட்டு நிகழ்கணத்தைக் கவனிக்கும்படி சொன்னபோது, அந்தச் சிறு பயிற்சியே பலன் தந்தது. நிச்சயமின்மையைச் சகிக்கும் தன்மை இயல்பிலேயே குறைந்தவர்களுக்கு அது அதிகமாகப் பயன்பட்டது. அந்தப் பயிற்சி மற்றொரு நன்மையையும் செய்தது: மோசமானதற்கு மனத்தைத் தயார்செய்யும் காரியத்தைக் கடைசி நாட்கள் வரையில் அது ஒத்திப்போட்டது. தயார்செய்தல் அவசியமே, ஆனால் அதற்கும் ஒரு காலம் உண்டு. வாரக்கணக்கில் முன்னதாகவே தோல்வியை அனுபவிக்கத் தொடங்குபவன், வராமலே போகக்கூடிய துன்பத்தை நாள்தோறும் சுமக்கிறான்.

மூன்றாவது, திங்கட்கிழமைச் செய்தி பாதகமாக வந்தால் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுவது. அந்த வாரத்திலேயே, நிரம்பாமல் நிற்கும் இடங்களுக்கு மீண்டும் விண்ணப்பிக்கும் சோப் என்ற ஏற்பாடு 2012 முதல் நடைமுறையில் உள்ளது. திங்களன்று இடமில்லை என்று அறிந்தவன் உடனே விண்ணப்பங்களைத் தயாரித்து, தன்னைக் கூப்பிடும் மருத்துவமனைகளோடு தொலைபேசியில் பேசி, வியாழக்கிழமையன்று சுற்றுச்சுற்றாக வரும் அழைப்புகளுக்கு விடையளிக்க வேண்டும். அழுதுகொண்டிருக்க அவகாசம் இல்லாத நாட்கள் அவை. எந்தத் துறைகளுக்கு விண்ணப்பிப்பது, யாரை யோசனை கேட்பது, தன்னைப் பற்றிய விவரக் குறிப்பை எப்படி மாற்றுவது என்பவற்றை முன்னதாகவே தீர்மானித்து எழுதி மடித்து வைத்துவிட்டால், அதைப் பற்றித் தினமும் மனத்துக்குள் விசாரணை நடத்தும் அவசியம் தீர்ந்துவிடுகிறது.

வீட்டாரும் உறவினரும் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. "மேட்ச் ஆகிவிட்டதா?" என்று நாலு திசையிலிருந்தும் பிரியத்தோடு கேட்கும் சித்தப்பாக்களும் அத்தைகளும், விடை தெரியாதவனிடமே விடையைக் கேட்கிறோம் என்பதை உணர்வதில்லை. வீட்டில் ஒருவர், தாயோ சகோதரனோ, "தெரிந்தவுடன் நானே சொல்லுகிறேன்" என்று அக்கேள்விகளையெல்லாம் தம்மேல் ஏற்றுக்கொண்டால், அது பெரிய உபகாரம். இவற்றுக்கும் அப்பால், பல நாட்கள் உறக்கமே இல்லாமற் போனாலும், வாழ்வே வீண் என்ற எண்ணம் தலைகாட்டினாலும், அது காத்திருப்பவனின் இயல்பான கலக்கத்தின் எல்லையைக் கடந்துவிட்டது என்று அறிந்து, தயங்காமல் ஒரு மனநல வைத்தியரை நாட வேண்டும். பிறரை அவ்வாறு அனுப்பும் டாக்டர்கள் தாம் செல்லத் தயங்குவது நியாயமாகாது.

கெட்ட முடிவே வந்துவிட்டால்? அந்தக் கேள்விக்கும் விஞ்ஞானம் ஒரு விடை வைத்திருக்கிறது. டேனியல் கில்பர்ட்டும் அவருடைய சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், பல்கலைக்கழகத்தில் நிரந்தர உத்தியோகம் உறுதியாகுமா என்று காத்திருந்த ஆசிரியர்களை விசாரித்தார்கள். கிடைக்காவிட்டால் பல ஆண்டுகள் துயரத்தில் ஆழ்ந்துவிடுவோம் என்று அவர்கள் நம்பினார்கள். ஆனால் முன்பே அத்தீர்ப்பைப் பெற்றவர்களை விசாரித்துப் பார்த்தபோது, கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் இடையே அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு மகிழ்ச்சியில் பேதம் காணப்படவில்லை. வந்த துன்பத்தைச் சீரணித்துக்கொள்ளும் சக்தி மனத்துக்குத் தன்னை அறியாமலே உண்டு. அந்தச் சக்தியை வரும்பொருள் கணக்கில் சேர்த்துக்கொள்ள நாம் மறந்துவிடுகிறோம். இடம் கிடைக்காதவனின் ஏமாற்றம் பொய்யன்று. விசா, கடன், வயது, மறுபடி ஓர் ஆண்டு என்ற கவலைகள் யாவும் மெய்யே. அவன் இன்றிரவு கற்பனை செய்துகொள்ளும் முடிவில்லாத இருட்டு மட்டும் மெய்யன்று. மறு ஆண்டு விண்ணப்பித்து இடம் பெற்றவர்களும், வேறு வழியில் சென்று வைத்தியத் தொழிலில் நன்றாகவே நிலைத்தவர்களும் பலர் உண்டு.

மேட்ச் என்னும் ஏற்பாட்டில் பாராட்ட வேண்டிய ஒரு கருணை இருக்கிறது: முடிவு வரும் நாளும் நேரமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கின்றன. எவ்வளவு துடித்தாலும், இன்ன நாளில் இது தீரும் என்ற நிச்சயம் ஒன்று காத்திருப்பவனுக்கு உண்டு. மருத்துவமனையில் திசுப் பரிசோதனை செய்துகொண்டு, புற்றுநோயா அன்றா என்று அறியாமல் வீடு திரும்பும் நோயாளிக்குப் பல சமயங்களில் அந்த நிச்சயமும் கிடைப்பதில்லை; "வந்தால் சொல்லுகிறோம்" என்ற சொல்லோடு அவர் அனுப்பப்படுகிறார். ஜூலை முதல் தேதி வெள்ளைக் கோட்டணிந்து ரெசிடென்சியைத் தொடங்கப்போகும் இளம் டாக்டர், சரிபாதிச் சந்தேகம் மனிதனை என்ன செய்யும் என்பதை ஒரு மார்ச்சு மாதத்தில் தம் உடம்பிலேயே கண்டவர். தம் நோயாளியிடம் "கவலைப்படாதீர்கள்" என்று சொல்வதோடு நில்லாமல், "வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் முடிவு வந்துவிடும், வந்தவுடன் நானே உங்களை அழைக்கிறேன், அதுவரையில் கலக்கமாகத்தான் இருக்கும், அது இயல்பு" என்று அவர் சொல்வாரானால், அந்தச் சில வாக்கியங்களும் அவர் எழுதிக்கொடுக்கும் எந்த மருந்துச் சீட்டுக்கும் குறைந்தவை அல்ல.